எந்த ஊர், என்ன மீன்: ஸ்காட்லாந்தின் பழைய துறைமுகக் கட்டடங்களைப் பார்க்கும் வழி

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரம் ஒரு வாரம் காரில் சுற்றப் போகிறோம். எந்த மீன்பிடித் துறைமுகத்தின் படத்தைப் பார்த்தாலும் ஜன்னல் குறைந்த கல் கட்டடங்கள், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடுகள், புல் மூடிய குகை மாதிரி ஏதோ ஒன்று. இதெல்லாம் எதற்காகக் கட்டினார்கள்? எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எதை நின்று பார்க்க வேண்டும்?"

கல்லை மட்டும் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் வேறொரு வழி வைத்திருக்கிறேன். ஓர் ஊருக்குள் நுழைந்ததும் இங்கே முன்பு என்ன மீன் பிடித்தார்கள் என்று விசாரிப்பேன். அது தெரிந்துவிட்டால் கட்டடம் ஏன் அப்படி இருக்கிறது என்பது முக்கால்வாசி விளங்கிவிடும். ஹெர்ரிங், ஹாடக், சால்மன், லிங் என்று நான்கு மீன்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் வேகம் வேறு, போய்ச் சேர்ந்த சந்தை வேறு. அதனால் அதற்கென்று எழுந்த கட்டடமும் வேறு.

ஹெர்ரிங்கில் தொடங்குகிறேன். நீங்கள் பார்க்கப்போகும் கல்லில் பெரும்பகுதி அந்த மீனின் காசில் எழுந்தது. நம் மத்தியின் குடும்பம்தான் அது. கொழுப்பு மிகுந்த மீன். அந்த ஊர் ஈரக்காற்றில் அதைக் காயப்போட்டுக் கருவாடாக்க முடியாது. காய்வதற்குள் எண்ணெய் காறிவிடும். உப்பில் போடுவதுதான் வழி. அதுவும் பிடித்த 24 மணி நேரத்துக்குள் குடல் எடுத்து, உப்பு தூவி, பீப்பாயில் அடுக்கியாக வேண்டும். பருவம் வந்துவிட்டால் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான படகுகள் வந்து இறக்கும். மீன் இறங்கும் துறை, குடல் எடுக்கும் இடம், உப்புக் கிடங்கு, பீப்பாய்ப் பட்டறை, நிரம்பிய பீப்பாய்கள் காத்திருக்கும் முற்றம், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் படுக்க மாடி, எல்லாம் வண்டி தள்ளும் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும்.

இதை ஓர் ஊராகவே கட்டிப் பார்த்தார்கள். அதுதான் வடகோடியில் உள்ள விக். 1786-ல் பிரித்தானிய மீன்பிடிச் சங்கம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. டச்சுக்காரர்கள் வந்து ஹெர்ரிங்கை அள்ளிக்கொண்டு போகிறார்கள், நம் கரை ஆட்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அன்றைய புலம்பல். சங்கம் முதலில் மேற்குக் கரையில் உல்லாபூல், டோபர்மோரி என்று இரண்டு ஊர்களை 1788-ல் நிறுவியது. ஊர் எழுந்தது, கொஞ்ச நாளில் ஹெர்ரிங் வேறு பக்கம் போய்விட்டது. அப்புறம்தான் பார்வை கிழக்கே திரும்பியது. விக் ஆற்றின் தென்கரையில் புதிய துறைமுகத்தையும் அதை ஒட்டி ஒரு முழு ஊரையும் வரைந்து தந்தவர் தாமஸ் டெல்ஃபோர்டு, பாலங்களுக்கும் கால்வாய்களுக்கும் பேர்போன அதே பொறியாளர். சங்கத்தின் தலைவராக இருந்த சர் வில்லியம் புல்ட்னியின் பெயரால் அதற்குப் புல்ட்னிடவுன் என்று பெயர். மேட்டில் குடியிருப்பு, பள்ளத்தில் தொழில் என்று தெளிவாகப் பிரித்திருந்தார். இரண்டையும் இணைக்கும் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. கருப்புப் படிகள் என்பார்கள்.

பள்ளத்துத் தெருக்களில்தான் நீங்கள் மெதுவாக நடக்க வேண்டும். முகப்பில் ஒரு வளைவு வாசல், வண்டி நுழையும் அகலத்துக்கு. அதற்குள் ஒரு முற்றம், நாலு பக்கமும் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ வசதியானவர் கட்டிய வீடு மாதிரி இருக்கும். உள்ளே நடந்தது வேறு. படகிலிருந்து வந்த மீனை முற்றத்தில் ஒரு நீளமான மரத்தொட்டியில் கொட்டுவார்கள். தொட்டி ஓரம் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மூன்று பேர் ஒரு குழு: இருவர் குடல் எடுக்க, ஒருவர் அடுக்க. சின்னக் கத்தி, செவுளுக்குக் கீழே ஒரு குத்து, ஒரு திருப்பு, குடல் ஒரு பக்கம், மீன் அளவுவாரியாக வேறொரு கூடைக்கு. நிமிடத்துக்கு நாற்பது மீனைத் தாண்டுவார்கள். கத்தி விரலில் பட்டால் அந்த வெட்டில் உப்பு ஏறும், அது ஆறவே ஆறாது. அதற்காக ஒவ்வொரு விரலிலும் துணிக்கீற்றைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். பழைய புகைப்படங்களில் அந்தக் கட்டுப்போட்ட கைகள்தான் முதலில் கண்ணில் படும். கட்டிய கையோடு கதை பேசிச் சிரித்துக்கொண்டும், ஓய்ந்த நேரத்தில் நடந்துகொண்டே கம்பளி பின்னிக்கொண்டும் இருப்பார்கள்.

அடுக்குபவர் பீப்பாய்க்குள் தலைகுனிந்து வேலை செய்வார். ஒரு வரிசை மீன், ஒரு கை உப்பு, அடுத்த வரிசை குறுக்கே. ஒரு பீப்பாயில் எழுநூறு முதல் ஆயிரம் மீன்வரை போகும். சில நாள் விட்டால் மீன் அமுங்கும். திறந்து மேலும் நிரப்பி, உப்புநீர் விட்டு மூடுவார்கள். அதன் பிறகு மீன்வளத் துறை அதிகாரி வந்து சோதித்து, சூட்டுக்கோலால் கிரீட முத்திரை குத்துவார். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் இருந்த வியாபாரி அந்த முத்திரையைப் பார்த்துப் பணம் கொடுப்பான். முற்றம் ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கு இதுவே விடை. மீன் இருந்தது சில மணி நேரம். பீப்பாய்தான் வாரக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1862-ல் விக்கிலிருந்து 1,122 படகுகள் கடலுக்குப் போயின. ஸ்காட்லாந்து முழுவதற்கும் உச்சம் 1907. அந்த ஆண்டு ஏறக்குறைய 25 லட்சம் பீப்பாய்கள் உப்பிடப்பட்டன.

விக்கில் பேங்க் ரோ தெருவில் உள்ள அருங்காட்சியகம் இப்படியொரு பழைய உப்பிடும் வளாகத்தையும் அதை ஒட்டிய வீடுகளையும் சேர்த்தது. பீப்பாய்ப் பட்டறையும் புகைக்கூடமும் உள்ளேயே உண்டு. ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். அதே தெருவில் ஓர் இடம் வெற்றிடமாக, சின்னத் தோட்டமாக இருக்கும். 1940 ஜூலை 1 அன்று ஒரு ஜெர்மன் விமானம் பட்டப்பகலில் குண்டு போட்டதில் 15 பேர் இறந்த இடம் அது. பலர் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள். துறைமுகத்தைக் குறிவைத்த குண்டு என்பார்கள்.

கடல் பக்கம் திரும்பினால் இன்னொரு கதை. தண்ணீர் வற்றும் நேரத்தில் விக் விரிகுடாவில் ஒழுங்கில்லாத கற்குவியல் தலைகாட்டும். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பெரிய பொறியாளர், கலங்கரை விளக்கங்கள் கட்டிய குடும்பம், 1863-ல் அலைதாங்கிச் சுவர் ஒன்றைத் தொடங்கினார். 1872 டிசம்பர் புயலில் அதன் முனையிலிருந்த 1,350 டன் எடையுள்ள ஒரே திரட்சியைக் கடல் அப்படியே நகர்த்திப் போட்டது. இன்னும் கனமாக, 2,600 டன்னுக்குக் கட்டினார்கள். 1877-ல் அதையும் எடுத்துப்போனது. கடைசியில் கைவிட்டார்கள். அவருடைய மகன் 1868-ல் பயிற்சிப் பொறியாளராக இங்கே தங்கி, முக்குளிக்கும் உடை போட்டுக் கடலுக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். பிறகு பொறியியலை விட்டுவிட்டு எழுத்தாளரானார். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் என்றால் உங்களுக்குத் தெரியும்.

விக்குக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் வேலிகோ. துறைமுகம் என்று சொல்லவே மனம் வராது. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, அடியில் படகு ஒதுங்க ஒரு வாய். முந்நூற்றுக்கும் மேற்பட்ட கல்படிகள் இறங்கிப் போக வேண்டும். டெல்ஃபோர்டு பார்த்துவிட்டு இது பயங்கரமான இடம் என்று ஒதுக்கியதாகக் குறிப்பு உண்டு. ஆனாலும் மீன் பிடித்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறியவர்கள் பெண்கள். ஏறியபின் விக் சந்தைவரை நடை. கீழே ஓர் உப்புக் கிடங்கின் இடிபாடு நிற்கிறது. படி ஈரமாக இருந்தால் இறங்காதீர்கள்.

இன்னொன்றையும் இந்த ஊர்களில் தேடுங்கள்: வலை மாடி. உயரமான கல் கட்டடம், மேல்தளத்தில் தெருவைப் பார்த்து ஒரு கதவு, கதவுக்கு வெளியே படி இருக்காது. அதற்கு மேலே சுவரில் ஒரு கப்பி மாட்டும் இரும்போ மரமோ துருத்தியிருக்கும். வலையை அதன் வழியாகத்தான் ஏற்றி இறக்கினார்கள். பருத்தி வலை உப்புநீரில் சீக்கிரம் மக்கும். அதனால் பெரிய செப்புக் கொப்பரையில் சாயம் காய்ச்சி முக்கியெடுப்பார்கள். முதலில் மரப்பட்டைச் சாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் இடத்தைப் பிடித்தது காசுக்கட்டி. ஆம், வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டிதான். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கட்டி கட்டியாகக் கப்பலேறிப் போய், ஸ்காட்லாந்து வலைக்கும் பாய்க்கும் அந்தச் செம்பழுப்பு நிறத்தைக் கொடுத்தது. பழைய படகுப் படங்களில் பாய் எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதன் காரணம் அதுதான்.

இனி ஹாடக். இது தூண்டில் மீன், ஹெர்ரிங் மாதிரி பெருந்திரளாக வந்து விழாது. ஒரு குடும்பம், ஒரு படகில் பங்கு, ஒரு நீளக் கயிற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்டில் முட்கள். ஒவ்வொரு முள்ளிலும் சிப்பிச் சதையைக் கோப்பது வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் வேலை, தினமும். அதனால் இந்த மீனுக்குத் தொழிற்கூடம் என்று தனியாக எதுவும் எழவில்லை, வீடுதான் தொழிற்கூடம். ஃபைஃப் கரையில் கிரெயில், பிட்டன்வீம், செயின்ட் மோனன்ஸ் ஊர்களில் வீட்டுக்கு வெளியே தெருவிலிருந்து நேராக மாடிக்கு ஏறும் கல்படியைப் பார்ப்பீர்கள். கீழ்த்தளம் தூண்டிலுக்கும் சிப்பிக்கும் வலைக்கும், மனிதர்கள் மேலே. கூரையில் சிவப்பு ஓடு, சுவர் முகட்டில் படிப்படியான அமைப்பு. நெதர்லாந்துப் பக்கம் சரக்கு ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது பாரத்துக்காக ஓடு ஏற்றி வந்ததில் தொடங்கிய பழக்கம் என்பார்கள். அது வரைக்கும் மற்ற இடங்களில் சாம்பல் நிறம் பார்த்த கண்ணுக்கு இங்கே திடீரென்று வெயில் அடித்த மாதிரி இருக்கும்.

கடலுக்கு முதுகு காட்டும் வீடுகள் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அதற்கு அபர்தீன் துறைமுக வாயில் உள்ள குட்டி ஊருக்குப் போக வேண்டும். எழுத்தில் ஃபுட்டீ, வாயில் ஃபிட்டி. துறைமுகம் விரிவானபோது மீனவர்களை இடம் மாற்ற நகரசபை முடிவு செய்து, 1808 வாக்கில் ஜான் ஸ்மித் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு இரண்டு சதுக்கங்கள் கட்டியது. எல்லா வீட்டுக் கதவும் சதுக்கத்தை நோக்கித்தான். வெளிப்புறம், கடல் பக்கம், வெறும் முதுகு. இரவெல்லாம் வாடைக்காற்றில் கிடந்துவிட்டு வந்தவனுக்குக் கடல் காட்சி எதற்கு? காற்றை மறைத்த ஒரு முற்றம்தான் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே சதுக்கத்தின் நடுவில் ஒரு சிறு கொட்டகை. கரை ஒதுங்கிய மரத்தையும் பழைய பலகையையும் அடித்து, தார் பூசி, தூண்டிலும் சாமானும் வைக்க மீனவர்களே போட்டது. எந்தக் கட்டடக் கலைஞரின் வரைபடத்திலும் அது இல்லை. 1880-ல் நகரசபை வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களுக்கே விற்றது. சொந்தமானதும் ஆளுக்கொரு விதமாக மாடி எழுப்பினார்கள். ஒரே அளவில் கட்டிய வரிசை இன்று ஒன்று உயரம், ஒன்று தாழ்வு என்று இருப்பது அதனால்தான். எனக்கு ஸ்மித்தின் சதுக்கத்தைவிட அந்தக் கொட்டகைகள்தான் பிடிக்கும். ஒன்றில் படகுப் பெயர்ப்பலகை, ஒன்றில் மிதவைகள், ஒன்றில் பூந்தொட்டி. அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னும் வடக்கே கிரோவியில் இதே பிரச்சினைக்கு வேறு தீர்வு. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசை வீடு போடத்தான் இடம். வீட்டின் குறுகிய பக்கச்சுவரைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினார்கள். அலை அடித்தாலும் அடிபடும் பரப்பு குறைவு, இரண்டு வீட்டுக்கு நடுவே படகையும் இழுத்துப் போடலாம். வீட்டு முன்னால் ஓர் ஆள் நடக்கும் பாதை மட்டும். கார் போகாது, சாமான் எல்லாம் தள்ளுவண்டியில். 1953 ஜனவரி 31 புயல் அந்தப் பாதையையும் சில வீடுகளையும் கொண்டுபோனது. பலர் திரும்பி வரவில்லை. இப்போது பெரும்பாலும் விடுமுறை வீடுகள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் போனால் விளக்கு எரியும் ஜன்னலைத் தேட வேண்டும்.

ஹாடக்கைப் புகைபோட்டு விற்பது ஆர்பிரோத் பக்கம். ஆக்மிதி என்ற பாறைமேட்டுக் கிராமத்தில் தொடங்கி, மீனவர்கள் ஆர்பிரோத் நகருக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே வந்தது. இரண்டிரண்டு மீனாக வாலைக் கட்டிக் கோலில் தொங்கவிட்டு, அடியில் மரத்தணல் போட்டு, மேலே ஈரச்சாக்கு மூடுவார்கள். துறைமுகத் தெருவில் வீட்டுப் பின்புறக் கொட்டகைகளில் இன்றும் செய்கிறார்கள். 2004-ல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் பெரிய புகைக்கூடங்களைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம்: கூரை முகட்டில் சட்டம் சட்டமாகத் திறப்பு வைத்த பெட்டி போன்ற ஒன்று. உள்ளே போக வாய்த்தால் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கருப்புப் பிசின் கையில் ஒட்டும்.

புல் மூடிய குகை என்றீர்களே, அது சால்மனுக்கானது. அந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு மூலை உண்டு. சால்மன் அன்றைக்கும் விலை உயர்ந்த மீன், லண்டன்தான் சந்தை. ஆனால் வேகவைத்து வினிகரில் போட்டுத்தான் அனுப்ப முடிந்தது. அலெக்சாண்டர் டால்ரிம்பிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னைக் கோட்டையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு கீழைக் கடல்களில் சுற்றியவர், கம்பெனியின் கடல் வரைபட நிபுணர். சீனக் கரை மீனவர்கள் மீனைப் பனியில் பொதிந்து தூரத்துக்குக் கொண்டுபோவதை 1780-களில் ஒரு பேச்சில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டரிடம் சொன்னார். டெம்ப்ஸ்டர் நாடாளுமன்ற உறுப்பினர், முன்பு சொன்ன மீன்பிடிச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அவர் உடனே பெர்த் நகரத்துச் சால்மன் வியாபாரி ஜான் ரிச்சர்ட்சனுக்கு எழுதினார். ரிச்சர்ட்சன் செய்து பார்த்தார், பலித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் சால்மன் ஆறு கடலில் கலக்கும் இடமெல்லாம் பனிக்கட்டிக் கிடங்கு முளைத்தது.

மிகப் பெரியது ஸ்பே ஆற்றின் முகத்துவாரத்தில், டக்நெட் என்ற இடத்தில். 1830-ல் கட்டியது. பாதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும் வளைவுக்கூரை அறைகள், மேலே மண்ணும் புல்லும். குளிர்காலத்தில் ஆற்றிலும் குட்டைகளிலும் உறைந்த பனிக்கட்டியை உடைத்து வண்டியில் கொண்டுவந்து உள்ளே கொட்டி இறுக்குவார்கள். கோடையில் மீன் வரும்வரை அது கிடக்கும். இயந்திரம் எதுவும் இல்லை. தடித்த சுவர், மண், இருட்டு, உருகிய நீர் வெளியேற ஒரு வடிகால், அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள பழைய மீன் நிலையத்தில் இப்போது டால்பின் மையம் இயங்குகிறது. கரையில் நின்றால் டால்பினும் தெரியலாம்.

லிங், காட் மீன்களுக்கு ஷெட்லாந்து போக வேண்டும், உங்கள் வழியில் இல்லை. கொழுப்பில்லாத மீன் என்பதால் அதைப் பிளந்து உப்பிட்டுக் கூழாங்கல் கரையில் காயவைத்தார்கள். கட்டடத்தின் வேலையைக் கரையே செய்தது. மீதிச் சாமானுக்கு ஒரு கிடங்கு. அதற்கு அந்த ஊர்ப் பேச்சில் 'போட்' (böd) என்று பெயர், படகு இல்லை. லெர்விக் அருகே 1780-ல் கட்டிய கிரெமிஸ்டா போட் அப்படியே நிற்கிறது. அதில் 1792-ல் பிறந்து, சிறுவனாகக் கரையில் மீன் காயவைத்த ஆர்தர் ஆண்டர்சன்தான் பின்னாளில் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சென்னைக்கும் கொழும்புக்கும் நம் பாட்டன்மார் ஏறி வந்த நீராவிக் கப்பல்களில் பல அந்த நிறுவனத்துடையவை.

துறைமுகச் சுவரையும் மறந்துவிடாதீர்கள். போர்ட்சாயில் 1693-ல் கட்டிய பழைய துறையில் கற்களைப் படுக்கப் போடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி இறுக்கியிருப்பார்கள். படுக்கைக் கல்லின் இடுக்கில் அலை புகுந்து தூக்கும். நிற்கும் கல்லைப் பிடுங்குவது கடினம். தண்ணீர் வற்றும்போது இந்தத் துறைகள் பலவும் சேறாகிவிடும், அதைக் கவனியுங்கள். 1848 ஆகஸ்ட் புயலில் கிழக்குக் கரையில் ஏறக்குறைய நூறு மீனவர்கள் இறந்தார்கள். கரை தெரியும் தூரத்தில், தண்ணீர் ஏறாத துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் போனவர்கள் அதில் பலர். ஐமௌத்தில் 1881 அக்டோபர் 14 அன்று போனவர்கள் 189 பேர், அதில் 129 பேர் அந்த ஒரே ஊர். வீட்டுப் பெண்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐமௌத்தில் துறைக்கு எதிரே தனியாக நிற்கும் கம்பீரமான கன்ஸ்கிரீன் மாளிகை மீனவருடையது இல்லை. 1750-களில் ஜான் நிஸ்பெட் என்ற கடத்தல் வியாபாரி கட்டியது. சுவருக்குள் தேயிலை கொட்டி மறைக்கும் குழி வைத்த வீடு.

இவ்வளவும் எப்படித் தப்பியது? முதல் உலகப்போரோடு ஜெர்மனி, ரஷ்யச் சந்தை போனது; நீராவிப் படகுகள் வந்ததும் சிறு துறைமுகங்களுக்கு ஆழம் போதவில்லை. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாததால்தான் பல நின்றன. ஃபைஃபில் 1960 முதல் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பாழடைந்த சிறு வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு, இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்கியது. நல்ல திட்டம். ஆனால் வாங்கியவர்களில் மீனவர்கள் குறைவு. ஆன்ஸ்ட்ருதரில் 1969-ல் திறந்த மீன்பிடி அருங்காட்சியகத்தை உங்கள் பயணத்தின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். ஹெர்ரிங் தொட்டியும் கொப்பரையும் அங்கே பார்த்த பிறகு மற்ற ஊர்களில் சுவர்கள் தாமாகவே பேசும்.

கடைசியாக விக் போகும்போது துறைமுக ஓரத்தில் புதிதாகத் துலக்கிய இரண்டு பழைய கட்டடங்களைப் பார்ப்பீர்கள். டெல்ஃபோர்டு காலத்துக் கல். இப்போது அது பியாட்ரிஸ் கடல் காற்றாலையின் பராமரிப்பு நிலையம். காலையில் அங்கிருந்து ஆட்கள் படகேறிக் கடலுக்குப் போகிறார்கள், 84 காற்றாடிகளைப் பார்க்க.